பெரிய கடைகளின் ‘பசுமை’: எதை நம்பலாம், எதைச் சந்தேகப்படலாம்?

டெக்சாஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாரம் தவறாமல் வால்மார்ட்டுக்குப் போனதையும், 2040-க்குள் தன் கரிமப் புகையைப் பூஜ்ஜியமாக்கப் போவதாக அந்த நிறுவனம் சொல்வதைப் படித்ததையும் சொல்லிவிட்டு, “இது நிஜமா, விளம்பரமா? அங்கே வாங்கினால் நல்லது செய்கிறோமா, ஏமாறுகிறோமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைச் சொல் என்பது போல இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. கடையின் கணக்குப் புத்தகத்தை நாம் பார்க்க முடியாது. பின்கட்டுக்குள்ளும் போக முடியாது. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிற ஆள் எதை வைத்து முடிவு செய்வது? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 23 வருடம் குளிர்பதன வேலை. சென்னையில் ஐஸ்கிரீம் கிடங்குகளில் ஆரம்பித்து, பிறகு வளைகுடாவில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் கம்ப்ரசர் அறைகளில் பாதி ஆயுள் போனது. மின்சாரம், குளிரூட்டும் கேஸ், ஃப்ரீசர் பற்றி நான் சொல்வது கைப்பட்டுத் தெரிந்தது. லாரி, பை, துணிச் சாயம் பற்றிச் சொல்வது படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வால்மார்ட்டின் பசுமைக் கதை 2005 அக்டோபரில் தொடங்குகிறது. அப்போது தலைமை நிர்வாகியாக இருந்த லீ ஸ்காட் தன் ஊழியர்களிடம் ஒரு உரை நிகழ்த்தினார். முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், குப்பையே இல்லாத கடை, இயற்கை வளத்தைக் காக்கும் பொருட்கள் என்று மூன்று இலக்குகளை வைத்தார். கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சம்பளம், மருத்துவக் காப்பீடு என்று பல பக்கமிருந்தும் நிறுவனத்தின் மேல் அடி விழுந்துகொண்டிருந்த நேரமும் அதுதான். நல்ல எண்ணமா, பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சியா என்று அன்றே பலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய அக்கறை இல்லை. எண்ணம் எதுவாக இருந்தாலும், மீட்டர் என்ன காட்டியது என்பதுதான் மெக்கானிக்குக் கணக்கு.

மீட்டர் சில இடங்களில் நன்றாகவே காட்டியது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சி.எஃப்.எல். பல்புகள் அமெரிக்க வீடுகளில் ஓரமாகக் கிடந்த காலத்தில், 2007 முடிவதற்குள் 10 கோடி பல்பு விற்பது என்று இலக்கு வைத்து, கெடுவுக்கு முன்பே விற்றுவிட்டார்கள். அதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் சலவைத் திரவம். பழைய பெரிய பாட்டிலில் இருந்ததில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிளாஸ்டிக்கில் அடைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, லாரியில் ஏற்றி நாடு முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தார்கள், வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிற ஊரில். அடர்த்தியாக்கிய திரவத்தை மட்டும்தான் இனி எங்கள் அலமாரியில் வைப்போம் என்று 2007-ல் வால்மார்ட் அறிவித்தது. 2008 மே மாதத்துக்குள் அதன் அமெரிக்கக் கடைகள் எல்லாம் மாறிவிட்டன. மூன்று வருடத்தில் 40 கோடி காலன் தண்ணீரும் 9.5 கோடி பவுண்டு பிளாஸ்டிக்கும் மிச்சமாகும் என்பது நிறுவனம் போட்ட கணக்கு. அந்த எண்ணில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் பாட்டில் சிறுத்ததை யாரும் மறுக்க முடியாது. அவ்வளவு பெரிய கடை இப்படிச் சொன்னதும் தயாரிப்பாளர்களுக்கு வேறு வழியில்லை. மற்ற கடைகளுக்கும் அதே சின்ன பாட்டில்தான் போனது. ஒரு அரசாங்கம் சட்டம் போட்டிருந்தால் இதற்குப் பத்து வருடம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

லாரிகளும் அப்படித்தான். 2005-ஐ அடிப்படையாக வைத்து, பத்து வருடத்தில் லாரிகளின் திறனை இரட்டிப்பாக்குவதாகச் சொன்னார்கள், செய்தும் காட்டினார்கள். இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. காலியாகத் திரும்பி வரும் வண்டியைக் குறைப்பது, பெட்டிகளை நெருக்கி அடுக்குவது, டிரைவர் தூங்கும்போது ஏ.சி.க்காகப் பெரிய என்ஜினை ஓடவிடாமல் தனியாக ஒரு சின்ன என்ஜின் வைப்பது, இதெல்லாம்தான். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரட்டிப்பானது ஒரு காலன் டீசலுக்கு எத்தனை பெட்டி போய்ச் சேர்கிறது என்கிற அளவு. மொத்தம் எத்தனை காலன் எரிந்தது என்பது வேறு கணக்கு. வியாபாரமும் இரட்டிப்பானால் புகை அதே அளவில் நிற்கும். பசுமை அறிக்கைகளில் இந்த இடத்தில்தான் பலருக்குக் கண் கட்டுகிறது.

பல்பு, பாட்டில், லாரி மூன்றிலும் ஒரே விஷயம் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். சுற்றுச்சூழலுக்கு மிச்சமாவது கடைக்கும் காசாக மிச்சமாகிறது. அங்கே சந்தேகமே வேண்டாம், நம்பலாம். எந்த வியாபாரியும் டீசல் பில்லைக் குறைக்கத் தயங்க மாட்டான். காசு மிச்சமாகாமல் செலவு வைக்கும் இடத்துக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது. அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

சூப்பர் மார்க்கெட்டில் பால், தயிர், இறைச்சி, ஐஸ்கிரீம் இருக்கும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனி இயந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் ஒரு அறையில் கம்ப்ரசர்கள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து செம்புக் குழாய்கள் தரைக்கு அடியிலும் கூரைக்கு மேலும் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, ஒவ்வொரு பெட்டிக்கும் கேஸைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும். நூற்றுக்கணக்கான இணைப்புகள், வால்வுகள். கம்ப்ரசர் அதிர்கிறது, குழாய் சூட்டில் நீள்கிறது, குளிரில் சுருங்குகிறது. கசியாத கடையை நான் பார்த்ததில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொடுக்கும் சராசரிப்படி, அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குழாய்களுக்குள் இருப்பது சுமார் 3,500 பவுண்டு கேஸ். அதில் கால்வாசி வருடா வருடம் காற்றில் போகிறது. இது ஏதோ மோசமான கடையின் கணக்கு இல்லை. 2013-ல் சேஃப்வே நிறுவனத்தின் 659 கடைகள் மீது எடுத்த நடவடிக்கையில் 6 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். அப்போது அந்த நிறுவனம் தன் சராசரிக் கசிவை 25 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்குக் குறைப்பதாக ஒப்புக்கொண்டது. குறைத்த பிறகும் 18 என்பதைக் கவனியுங்கள்.

கசிந்தால் என்ன, கேஸ்தானே என்று தோன்றலாம். நான் அதிகம் கையாண்டது ஆர்-404ஏ என்ற குளிரூட்டும் கேஸ். ஒரு கிலோ ஆர்-404ஏ காற்றில் கலந்தால் நூறு வருடக் கணக்கில் 3,900 கிலோவுக்கு மேல் கரியமில வாயு கலந்த அளவுக்குச் சூடு ஏறும். எங்களுக்கு வரும் சிலிண்டரில் 10.9 கிலோ இருக்கும். ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏணி ஏறிவிடலாம். அந்த ஒரு சிலிண்டர் காற்றில் போனால் கிட்டத்தட்ட 43 டன் கரியமில வாயுவுக்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரில் இந்த 43 டன்னை வெளியே விட வேண்டுமானால் இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பூமியைக் கிட்டத்தட்ட ஏழு சுற்று. நான் சாதாரணமாக ஒரு ராத்திரி வேலையில் தோளில் தூக்கிப்போன பொருள் அது. இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேலையில் சேர்ந்து பத்து வருடம் கழித்து நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

வளைகுடாவில் ஒரு கடை. பெயர் வேண்டாம். பால் வரிசைக்குப் போகும் குழாய் தரைக்கு அடியில் எங்கோ கசிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கேஸ் குறைந்ததைக் காட்டும் குழாய்க் கண்ணாடியில் குமிழி தெரியும், பாலின் சூடு ஏறும், போன் வரும், நான் போய் ஒரு சிலிண்டர் அடித்துவிட்டு வருவேன். தரையை உடைத்துக் குழாயை மாற்ற வேண்டும், இரண்டு ராத்திரி அந்த வரிசையை மூட வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. “இரண்டு ராத்திரி பால் விற்காமல் இருப்பதைவிட சிலிண்டர் மலிவு அண்ணே” என்றார். அவர் கணக்கு சரிதான். அதே நேரத்தில் அந்தக் கடை வாசலில், பூமியைக் காக்கத் துணிப்பை கொண்டுவாருங்கள் என்று ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை நின்றது. நான் ஒவ்வொரு தடவையும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டித்தான் உள்ளே போவேன்.

இந்தக் கேஸின் வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாங்கள் முன்பு பயன்படுத்திய ஆர்-22 ஓசோன் படலத்தைத் தின்றது. 1987-ல் வந்த மாண்ட்ரியல் ஒப்பந்தம் அந்த வகைக் கேஸ்களை ஓரங்கட்டியது. அதற்குப் பதிலாக, ஓசோனுக்குப் பாதகமில்லை என்று நல்ல பெயரோடு வந்ததுதான் ஆர்-404ஏ. ஓசோனை விட்டுவிட்டது, பூமியைச் சூடாக்குவதில் ஆர்-22-ஐப் போல இரண்டு மடங்காக இருந்தது. அதையும் குறைக்க 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் மறுபடி ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி பணக்கார நாடுகள் முதலில் குறைக்க வேண்டும். இந்தியாவுக்கு 2032-ல்தான் குறைப்பு தொடங்கும், 2047-க்குள் 85 சதவீதம் குறைய வேண்டும்.

மாற்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. கரியமில வாயுவையே குளிரூட்டியாகப் பயன்படுத்தலாம். ஆர்-404ஏ-க்கு 3,900-க்கு மேல் என்று சொன்ன அந்தச் சூடேற்றும் அளவு இதற்கு வெறும் 1. ஒரு கடை முழுக்கக் கசிந்தாலும் ஒரு கார் ஒரு வருடம் ஓடும் அளவுக்கு மேல் போகாது. ஐரோப்பாவில் இன்று ஆயிரக்கணக்கான கடைகள் இதில்தான் ஓடுகின்றன. ஏன் ஐரோப்பா முந்தியது? அங்கே இருக்கும் கடைக்காரர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் இல்லை. 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதி, சூடேற்றும் அளவு 2,500-ஐத் தாண்டும் கேஸ் உள்ள புதிய குளிர்சாதனங்களை 2020 முதல் தடுத்தது. பெரிய கடைகளின் மைய இயந்திரங்களுக்கு 2022 முதல் 150 என்று இன்னும் இறுக்கியது. வேறு வழியில்லை என்றதும் தொழில்நுட்பம் ஓடி வந்தது. வெயில் ஊர்களில் இது கொஞ்சம் சிரமம் என்பதும் உண்மை. 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. சென்னை வெயிலில் இயந்திரம் 100 பார் அழுத்தத்தை ஒட்டி ஓட வேண்டியிருக்கும், மின்சாரமும் கூடும். அதற்கும் தீர்வுகள் வந்துவிட்டன. ஜோர்டானில் அம்மான் நகரின் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 2018-லேயே பொருத்தினார்கள். நம் ஊருக்கு ஆகாது என்று யாராவது சொன்னால், செலவு கூடும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இதே பெட்டிகளுக்குக் கதவு போடுவது அதைவிடச் சுலபம். திறந்த பால் அடுக்குக்குக் கண்ணாடிக் கதவு மாட்டினால் அந்தப் பெட்டியின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மிச்சமாகும். உணவுக் கடையின் மின் பில்லில் பாதியைச் சுற்றி குளிர்ச்சிக்கே போகிறது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் எத்தனையோ கடைகள் இன்னும் திறந்தே வைத்திருக்கின்றன. காரணம் விற்பனைப் பிரிவு. கதவைத் திறக்கச் சோம்பல்பட்டு வாடிக்கையாளர் தாண்டிப் போய்விடுவார் என்று பயம். கதவு மாட்டிய கடைகளில் பால் விற்பனை விழுந்ததை நான் பார்த்ததில்லை. பால் வேண்டுமென்றால் கதவைத் திறக்கத்தான் செய்கிறார்கள்.

சரி, உங்கள் 2040-க்கு வருவோம். 2020 செப்டம்பரில் வால்மார்ட்டின் அப்போதைய தலைமை நிர்வாகி டக் மெக்மில்லன் அந்த வாக்குறுதியைக் கொடுத்தார். பணம் கொடுத்து வேறெங்கோ மரம் நட்டுக் கணக்கை நேர் செய்யாமல், தன் சொந்தச் செயல்பாடுகளின் புகையையே 2040-க்குள் பூஜ்ஜியமாக்குவது. கேஸை மாற்றுவதும், நெடுந்தூர லாரிகளை மாற்றுவதும் அதில் அடக்கம். வழியில் இரண்டு மைல்கற்கள்: 2015-ஐ ஒப்பிட்டு 2025-க்குள் 35 சதவீதம், 2030-க்குள் 65 சதவீதம் குறைப்பது. 2024 டிசம்பரில் நிறுவனமே, இந்த இரண்டு மைல்கற்களையும் தவறவிடக்கூடும் என்று சொல்லிவிட்டது. மலிவான தொழில்நுட்பம் வேண்டிய வேகத்தில் வரவில்லை, மின்கட்டமைப்பு தயாராக இல்லை என்று காரணங்கள் சொன்னது. எனக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. ஓடும் கடையில் குழாயோடு கம்ப்ரசரையும் மாற்றுவது, ஓடும் ரயிலில் சக்கரம் மாற்றுவது போல. ஆயிரக்கணக்கான கடைகளில் அதைச் செய்ய ஆளும் இல்லை. அமெரிக்காவிலும் கைதேர்ந்த குளிர்பதன மெக்கானிக்குகளுக்குப் பஞ்சம்தான். தவறப் போகிறது என்று முன்கூட்டியே வாய் திறந்து சொன்னதை நான் அவர்கள் பக்கம்தான் எழுதுவேன். பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் இணையப் பக்கத்திலிருந்து வரியை எடுத்துவிட்டுப் போய்விடும்.

இன்னொரு விஷயம், அந்த ‘பூஜ்ஜியம்’ எதைச் சேர்த்த பூஜ்ஜியம் என்பது. கடையின் கட்டடம், லாரி, கேஸ், வாங்கும் மின்சாரம் ஆகியவை மட்டும் அதில் வருகின்றன. கடைக்குள் விற்கும் பொருட்களை விளைவிப்பதும் நெய்வதும் காய்ச்சுவதும், நீங்கள் வாங்கிப்போய்ப் பயன்படுத்துவதும் வராது. எந்தப் பெரிய சில்லறைக் கடையாக இருந்தாலும் மொத்தப் புகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த வராத பகுதியில்தான் இருக்கிறது. கடையின் கூரையில் சூரியத் தகடு போட்டு, உள்ளே விற்கிற மாட்டிறைச்சியின் மீத்தேனைக் குறைக்க முடியாது.

அந்தப் பெரிய பகுதிக்காக வால்மார்ட் 2017-ல் ‘கிகாடன் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கியது. தனக்குப் பொருள் தரும் நிறுவனங்கள் 2030-க்குள் 100 கோடி டன் புகையைத் ‘தவிர்க்க’ வேண்டும் என்பது இலக்கு. ஆறு வருடம் முன்னதாகவே எட்டிவிட்டோம் என்று 2024 தொடக்கத்தில் அறிவித்தார்கள். இங்கேதான் நான் சந்தேகத்தின் பக்கம் நகர்கிறேன். பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. ‘தவிர்த்தது’ என்ற சொல் எனக்கு இடிக்கிறது. பெரியம்மா ஒருவர் தீபாவளிக்கு இரண்டு பட்டுப்புடவை எடுத்துவிட்டு, “நாலு எடுக்கிறதா இருந்தேன், இருபதாயிரம் மிச்சம்” என்று சொல்வார். பெரியப்பா பேசாமல் பில்லைப் பார்ப்பார். தவிர்த்தது என்பது, செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்கிற ஒரு கற்பனையோடு ஒப்பிட்ட எண். அதைக் கணக்கிட்டு அனுப்புவதும் அந்தந்தப் பொருள் தரும் நிறுவனங்களேதான். அதே காலத்தில் மொத்தப் புகை குறைந்ததா, ஏறியதா என்பதற்கு அந்த 100 கோடி பதில் சொல்லாது. ஆலைகளில் நல்ல காரியங்கள் நடந்திருக்கும், பாய்லர்கள் மாறியிருக்கும், அதை நம்புகிறேன். எண்ணை மட்டும் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்கிறேன்.

பொருளின் புகையை ஒழுங்காக அளந்து, பொட்டலத்திலேயே அச்சடித்துவிட முடியாதா என்று கேட்கலாம். பிரிட்டனின் டெஸ்கோ அதைத்தான் செய்யப் பார்த்தது. தன் கடையில் உள்ள 70,000 பொருட்களுக்கும் கரிம அளவு அச்சிடுவோம் என்று 2007-ல் அறிவித்தது. ஒரு பொருளைக் கணக்கிடவே பல மாதம் பிடித்தது. உருளைக்கிழங்கு சிப்ஸ் என்றால் உரத்திலிருந்து எண்ணெய் வரை பின்னால் போக வேண்டும். போட்டிக் கடைகளும் சேர்ந்துகொள்ளவில்லை. சுமார் 500 பொருட்களோடு 2012-ல் கைவிட்டது. அந்த முயற்சியை நான் கேலி செய்ய மாட்டேன். அளப்பது எவ்வளவு கஷ்டம் என்று நேர்மையாகத் தெரியவந்ததே அதனால்தான். ஆனால் இப்போது ஏதாவது சட்டையிலோ சோப்பிலோ ‘கரிமம் நடுநிலை’, அதாவது புகைக் கணக்கு பூஜ்ஜியம், என்று பளிச்சென்று அச்சிட்டிருந்தால், டெஸ்கோவுக்கே முடியாததை இவர்கள் எப்படி இவ்வளவு சுலபமாகச் செய்தார்கள் என்று கேட்டுக்கொள்வேன். 2022-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கை ஒன்று உண்டு. மூங்கிலில் செய்த சூழலுக்கு உகந்த துணி என்று விற்றது உண்மையில் ரசாயனத்தில் கரைத்து எடுத்த ரேயான் என்று வழக்கு. வால்மார்ட் 30 லட்சம் டாலர், கோல்ஸ் என்ற இன்னொரு கடைச் சங்கிலி 25 லட்சம் டாலர் கட்டின. பசுமைப் பெயர் எடுத்த அதே வால்மார்ட்தான் 2013-ல், கடைகளில் திரும்பி வந்த பூச்சிமருந்து, பிளீச் மாதிரியான அபாயக் கழிவுகளைச் சாக்கடையிலும் குப்பையிலும் போட்டதற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 8 கோடி டாலருக்கு மேல் கட்டியது. ஒரே நிறுவனத்துக்குள் லாரிப் பிரிவு உருப்படியாகவும் குப்பைப் பிரிவு மோசமாகவும் இருக்கலாம். நிறுவனம் என்பது ஒரு ஆள் இல்லை.

பை பற்றிக் கேட்காமலே எல்லோரும் பையில்தான் வந்து நிற்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஏழு பெரிய கடைகள் கொடுத்த மெல்லிய பைகள் 760 கோடி. பிறகு அது 98 சதவீதம் விழுந்தது. கட்டணம் வேலை செய்கிறது, இதில் சந்தேகமில்லை. ஆனால் மக்கள் கெட்டியான ‘ஆயுள் பை’களை வாங்கி, அதையும் ஒரு தடவையில் தூக்கிப்போட ஆரம்பித்தார்கள். 2019-ல் பெரிய கடைகள் விற்ற அந்தக் கெட்டிப் பைகள் 150 கோடி, வீட்டுக்கு 54. ஆயுளுக்கு ஒரு பை வேண்டியவருக்கு 54 ஆயுள்! துணிப்பைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 131 தடவையாவது பயன்படுத்தினால்தான், மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிடும்போது புகைக் கணக்கில் ஈடாகும். பருத்திக்குத் தண்ணீர், உரம், நூற்பு என்று செலவு அதிகம். நம் வீட்டு மஞ்சப்பையை அம்மாக்கள் சாயம் போய்க் கிழியும் வரை வைத்திருந்தார்கள், அது 131-ஐ எப்போதோ தாண்டியிருக்கும். கடைக்கடையாக இலவசமாக வாங்கி அலமாரியில் இருபது துணிப்பை அடுக்கி வைத்திருப்பது வேறு. ஒரு பையின் புகை சில பத்து கிராம்தான். நான் சொன்ன மாதிரி ஒரு கடையின் ஒரு வருடக் கேஸ் கசிவுக்கு ஈடாகக் கோடிக்கணக்கில் பை வேண்டும். பையின் கேடு சாக்கடையிலும் மாட்டின் வயிற்றிலும் இருக்கிறது, அதற்காகத்தான் தமிழ்நாடு 2019 ஜனவரியில் தடை போட்டது, அது சரியான காரணம். ஆனால் பையைக் காட்டிக் காலநிலையைக் காப்பதாகச் சொன்னால் அது வேறு பேச்சு. அமெரிக்கக் கடை வாசலில் ‘பழைய பைகளை இங்கே போடுங்கள்’ என்று பெட்டி வைத்திருப்பார்களே, 2023-ல் ஏ.பி.சி. தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் அப்படிப்பட்ட பெட்டிகளில் 46 கண்காணிப்புக் கருவிகளைப் பைகளோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் பை மறுசுழற்சியோடு தொடர்புள்ள இடங்களில் போய்ச் சேர்ந்தவை நான்குதான்.

அடுத்தது, எனக்குப் படிப்பறிவு மட்டும் உள்ள இடம். ஆனால் நம் ஊர் இந்தக் கதைக்குள் உண்மையாகவே வருகிற இடம். உலகின் பெரிய கடைச் சங்கிலிகளில் தொங்கும் பனியன் துணியில் கணிசமானது திருப்பூரில் தைத்தது. அந்தத் துணிக்குச் சாயம் ஏற்றிய உப்புத் தண்ணீர் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையானது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்றது. நடக்காததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகுதான் சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் இயந்திரங்களும் முழுமூச்சில் வந்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை நிலைத்தது. அந்த உத்தரவைப் போட்டது எந்த வெளிநாட்டுக் கடையும் இல்லை. இரண்டு டாலர் சட்டையை இரண்டேகால் டாலருக்கு எடுத்துக்கொள்கிறேன், ஆற்றைக் காப்பாற்று என்று அவர்களாக முன்வந்தும் சொல்லவில்லை. சாயப்பட்டறைக்காரர்கள் கடன் வாங்கி அந்தச் செலவைச் சுமந்தார்கள், சிலர் தொழிலையே விட்டார்கள். ஒரு கடை ‘எங்கள் விநியோகச் சங்கிலி பசுமையானது’ என்று சொன்னால், அதற்கு யார் பணம் கட்டினார்கள் என்பது என் முதல் கேள்வி.

ஆகவே தள்ளுவண்டியோடு நிற்கும் உங்களுக்கு: ஒரு அறிவிப்பைப் பார்த்தால் எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறார்கள், மொத்த அளவா அல்லது ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்ற அளவா, விற்கும் பொருட்கள் அதில் சேர்த்தியா என்று தேடுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் கொஞ்சம் நம்பலாம். வெறும் இலை படமும் பச்சை எழுத்தும் என்றால் தாண்டிப் போகலாம். இந்தியாவிலும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பொய்ப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக விதிகள் கொண்டுவந்துவிட்டது; ‘இயற்கையானது’, ‘சூழலுக்கு உகந்தது’ என்று சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். அங்கே வாங்குவதா வேண்டாமா என்பதில் நான் உங்களை எந்தப் பக்கமும் தள்ள மாட்டேன். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அந்தக் கடைதான் என்றால், இருபது மைல் காரோட்டிப் போய் வேறு ‘நல்ல’ கடையில் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. வாங்கியதை வீணாக்காமல் சாப்பிடுவது அதைவிடப் பெரிது. உலகில் 2022-ல் வீணான உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, அதில் 60 சதவீதம் வீடுகளில், கடைகளில் 12 சதவீதம்தான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடை தள்ளிவிட்டதும் நம் வீட்டுக் கணக்கில்தான் ஏறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த தடவை டெக்சாஸ் போகும்போது ஒரு காரியம் செய்து பாருங்கள். செருப்புக் காலோடு பால் அடுக்குக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். கதவு இருந்து, பாதத்தில் ஒன்றும் படாவிட்டால் அந்தக் கடையில் யாரோ மின் பில்லைப் பார்க்கிறார்கள். திறந்த அடுக்கிலிருந்து குளிர் வழிந்து வந்து காலில் ஏறினால், பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் கதவு எப்போது மாட்டுவீர்கள் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் இரண்டு பேர் கேட்டார்கள் என்று மேலாளரிடம் போய்ச் சொல்வார். நான் வேலை பார்த்த கடைகளில் ஒன்றிரண்டு கதவுகள் அப்படித்தான் வந்தன.